வருஷத்துக்கொரு செல்போன்

ஆவணி கழிந்து புரட்டாசி பிறக்கும் சமயத்தில் ஒரு கம்பெனியாரும், பொங்கல் கழிந்த பின்னர் மற்றொரு கம்பெனியாரும் தத்தம் புதிய செல்போனை உலகத்தாருக்குக் காட்டுவது இப்பொழுது பஞ்சாங்கத்தில் எழுதப்படாத பண்டிகையாகிவிட்டது. ஆப்பிள் கம்பெனியார் 2012ஆம் வருஷ முதல் செப்டம்பர் தோறும் புதிய ஐபோனை வெளியிட்டு வருகிறார்கள். 2020இல் மட்டும் அது அக்டோபருக்குத் தள்ளிப்போயிற்று. ஸாம்ஸங் கம்பெனியாரின் காலக்ஸி எஸ் வரிசை சமீப வருஷங்களில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களை ஒட்டி வருகிறது. பண்டிகைக்குப் பண்டிகை காமிராவைப் பற்றிய புகழ்மாலை நீண்டுகொண்டே போகிறது. சென்ற வருஷம் வாங்கிய கருவியோ, அதற்குப் பட்ட கடன் தீருமுன்னரே பழையது என்று பெயர் பெற்றுவிடுகிறது. இவ்விதம் வருஷந்தோறும் மாற்றுவது கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

இதை எழுதத் தூண்டியது நேயரொருவரின் கடிதம். அவர் ஒரு பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். கல்லூரியில் வாசிக்கும் அவருடைய குமாரனிடம் இரண்டு வருஷத்துச் செல்போன் ஒன்று சரியாக வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆனால் புதியதில் காமிரா மேலானதென்றும், வட்டியில்லாத் தவணையில் கிடைக்கிறதென்றும் சொல்லி அவன் வற்புறுத்துகிறானாம். பிள்ளையின் மனம் நோகலாகாது என்பதையும், மகளுடைய படிப்புக் கட்டணத்தைத் தை மாதத்தில் கட்டியாக வேண்டும் என்பதையும் அவர் ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட வாக்கியத்தை எழுதக்கூடிய தகப்பன்மார் நம் நாட்டில் இலட்சக்கணக்கில் இருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

முதலில் காமிராவை எடுத்துக்கொள்வோம். மெகாபிக்ஸல் என்பது பத்து லட்சம் புள்ளிகளைக் குறிக்கும் சொல். 2007இல் வந்த முதல் ஐபோனின் காமிரா 20 லட்சம் புள்ளிகளைக் கொண்டது. 2015இல் வந்த ஐபோன் 6எஸ்ஸில் அது 1 கோடியே 20 லட்சமாயிற்று. அந்த எட்டு வருஷங்களில் ஒருவர் அடிக்கடி கருவியை மாற்றியிருந்தால், அவர் பணத்துக்குக் கண்கூடான பலன் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பின் நடந்தது என்ன? சாதாரண ஐபோனின் பிரதான காமிரா 2015 முதல் 2022 வரை அதே 1 கோடியே 20 லட்சத்திலேயே நின்றது. ஸாம்ஸங் எஸ் வரிசையின் ஆரம்ப மாதிரியில் 2022 முதல் 2025 வரை நான்கு வருஷங்களும் பின்பக்கத்து மூன்று காமிராக்களுக்கும் 50, 12, 10 மெகாபிக்ஸல் என்ற அதே எண்களே எழுதப்பட்டன. எண் மாறாவிடினும் லென்ஸும் உள்ளிருக்கும் கணக்கும் சிறிது மாறியிருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சிறிது, ஒரு வருஷத்துக்குள் கண்ணுக்குப் புலப்படும் சிறிதா என்பதே கேள்வி.

எண் பெருகிய இடத்திலும் விஷயம் வேறாக இல்லை. 2020இல் எஸ்20 அல்ட்ரா 108 மெகாபிக்ஸல் என்று முழங்கிற்று. 2023இல் எஸ்23 அல்ட்ரா 200 என்றது. இருபது கோடிப் புள்ளி! ஆயினும் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது அக்கருவி பதினாறு புள்ளிகளை ஒன்றாகக் கூட்டி, சுமார் 1 கோடியே 25 லட்சம் புள்ளியுள்ள படத்தையே தருகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் அப்படிக் கூட்டுவதே நன்மை. அதில் குற்றம் சொல்வதற்கில்லை. நாம் கேட்பதெல்லாம், எடுத்த படம் பிறகு எங்கே போகிறது என்பதுதான். 2400க்கு 1080 என்ற அளவுள்ள செல்போன் திரையில் இருக்கும் மொத்தப் புள்ளிகளே ஏறக்குறைய 26 லட்சம். வாட்ஸப்பில் சாதாரண முறையில் அனுப்பினால் படம் இன்னும் சுருங்குகிறது. சித்தப்பா வீட்டுக் கல்யாணப் படத்தைக் காகிதத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு அச்சிட வேண்டுமானாலும் 90 லட்சம் புள்ளிகள் போதும். கடலையே வாங்கி வீட்டுக் குடத்தில் ஊற்றிக்கொள்வதுபோல் இருக்கிறது இந்த வியாபாரம்.

காமிராவுக்கு ஆகாரம் வெளிச்சம். வெளிச்சத்தை வாங்கும் ஸென்ஸார் பெரிதாக வேண்டுமானால், அதற்கேற்ற லென்ஸும், லென்ஸுக்கேற்ற கனமும் வேண்டும். சட்டைப்பையில் அடங்க வேண்டிய கருவிக்கு அந்த இடம் கிடையாது. முதுகில் திமில்போல் புடைக்கவிட்டும் ஓரளவுக்கு மேல் போக முடியவில்லை. ஆகையால் கம்பெனியார் கண்ணை விட்டு மூளையைத் திருத்தத் தொடங்கினார்கள். கூகிள் கம்பெனியாரின் பிக்ஸல் 3, 4, 5 ஆகிய மூன்றும் 2018 முதல் 2020 வரை அடுத்தடுத்து வந்தன; பிரதான காமிராவின் ஸென்ஸார் மூன்றிலும் ஒன்றே. 2018 நவம்பரில் அவர்கள் இருட்டில் படமெடுக்கும் 'நைட் ஸைட்' என்னும் ஏற்பாட்டை வெளியிட்டார்கள். பல படங்களைச் சில நொடிகளில் எடுத்து, கைநடுக்கத்தைச் சரிப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் கணக்கு அது. மெய்யாகவே அற்புதமான கணக்கு. அக்கணக்கு அவ்வருஷத்துக் கருவிக்கு மாத்திரம் வரவில்லை. 2016, 2017 வருஷங்களில் வாங்கிய பழைய பிக்ஸல்காரர்களுக்கும் இனாமாகவே வந்து சேர்ந்தது. பொறுத்திருந்தவர் இழந்தது ஒன்றுமில்லை.

2024 ஜனவரியில் ஸாம்ஸங் கம்பெனியார் எஸ்24ஐ வெளியிட்டபோது செயற்கை நுண்ணறிவைப் பறைசாற்றினார்கள். அதில் பெரும்பகுதி அதே வருஷம் மார்ச்சு மாதத்தில் முந்திய வருஷத்து எஸ்23க்கும் கொடுக்கப்பட்டது. ஆப்பிள் விஷயம் இன்னும் விசித்திரமானது. 2024 செப்டம்பரில் ஐபோன் 16 'ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்' என்பதற்காகவே செய்யப்பட்டதென்று விற்றார்கள். விற்ற தினத்தில் அது கருவிக்குள் இல்லை. அக்டோபர் கடைசியில் முதற்பகுதி அமெரிக்க ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. இந்திய ஆங்கிலத்துக்கு 2025 மார்ச்சு கடைசி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் சொந்த விவரங்களை அறிந்து பதில் சொல்லுமென்று காட்டப்பட்ட 'ஸிரி'யோ தாமதமாகுமென்று அந்த மார்ச்சிலேயே கம்பெனியார் ஒப்புக்கொண்டார்கள். நமக்குக் கொஞ்சம் கோர்ட்டு அனுபவமுண்டு. வீட்டை விற்பவன், மாடியை அடுத்த வருஷம் கட்டித் தருகிறேனென்று சொல்லி மாடி வீட்டு விலை வாங்கினால், அவன் எங்கே நிற்க வேண்டிவரும் என்பதை நாம் அறிவோம்.

நிற்க. காமிரா முன்னேறவே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. ஐந்து வருஷத்துக்கு முந்திய கருவியையும் இன்றைய கருவியையும் அருகருகே வைத்து, மங்கிய விளக்கில் ஓடும் குழந்தையைப் படம் எடுத்தால் வித்தியாசம் எவருக்கும் தெரியும். படமெடுப்பதையே ஜீவனமாகக் கொண்டவர், பத்திரிகை நிருபர், சலனப்படம் எடுத்து விற்பவர் ஆகியோருக்கு ஒரு வருஷத்து வித்தியாசமும் கூலியாகத் திரும்பக்கூடும், அவர்கள் வாங்கட்டும். மற்றவருக்கு நாம் சொல்வது சாதாரண வீட்டுக் கணக்கு. ஐந்தாம் வருஷத்தில் ஒரு முறை வாங்குபவர், ஐந்து வருஷத்து முன்னேற்றம் முழுவதையும் ஒரு விலைக்கு அடைகிறார். வருஷந்தோறும் வாங்குபவர் அதே இடத்துக்கு வந்து சேர ஐந்து விலை கொடுக்கிறார்.

அந்த விலைதான் எவ்வளவு? ஐபோன் 13, 14, 15, 16 ஆகிய நான்கும் நம் நாட்டில் ஆரம்ப விலை ரூ. 79,900க்கே வந்தன. 2021 முதல் 2024 வரை தவறாமல் வாங்கியவர் கையிலிருந்து போன தொகை ரூ. 3,19,600. பழையதைக் கொடுத்துப் பெறும் கழிவை இதில் தள்ளிக்கொள்ளலாம். தள்ளிய பிறகும் அது ஓர் ஏழைக் குடும்பத்தின் சில வருஷத்துச் சம்பாத்தியமாகும். இவற்றுள் 14 என்பது 13இல் இருந்த ஏ15 சிப்பையே சுமந்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வட்டியில்லாத் தவணை என்பதைப் பற்றி உபாத்தியாயர் விசேஷமாகக் கேட்கிறார். வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் பாங்கி பூவுலகில் இல்லை. நடப்பது இது: பாங்கி வழக்கம்போல் வட்டி போடுகிறது, அந்த வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரரோ கம்பெனியாரோ விலையில் கழித்துக்காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டுத் தவணையானால் அந்த வட்டியின்மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி உண்டு, அது வாங்குபவர் தலையில். தஸ்தாவேஜுக் கட்டணம் என்று ஒன்று இருந்தால் அதுவும் அவர் தலையில். ரொக்கம் கொடுத்திருந்தால் அதே கழிவு தமக்குக் கிடைத்திருக்குமா என்று அவர் கேட்பதுமில்லை. ரிசர்வ் பாங்கியாரே 2013இல் பாங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்பதொன்று கிடையாதென்றும், வட்டி வேறு பெயரில் மறைத்து வாங்கப்படுகிறதென்றும் கண்டித்திருக்கிறார்கள். பெயரை மாற்றிக்கொண்டு அதே சரக்கு இன்றும் கடைவாயிலில் நிற்கிறது. ஒரு தவணை தவறினால் அபராதமும் அபராதத்துக்கு வட்டியும் என்ன வேகத்தில் ஏறும் என்பது பாங்கி நோட்டீஸ் வந்த பிறகே பலருக்குத் தெரிகிறது.

இந்தச் செல்போன்கள் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படுகின்றனவே, வாங்கினால் நம்மவருக்குப் பிழைப்பல்லவா என்று சில நண்பர்கள் வாதிக்கிறார்கள். 2019இல் ஐபோன் எக்ஸ்ஆர் சென்னைக்கருகே பூட்டப்பட்டது முதல் அத்தொழில் வளர்ந்திருப்பதும், ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே சம்பளம் பெறுவதும் நமக்குச் சந்தோஷமே. ஆனால் ஐபோனின் கண்ணாகிய ஸென்ஸார் ஜப்பானிய ஸோனியுடையது; மூளையாகிய சிப்பு தைவானியர் செய்து தருவது. நம் கைக்கு எஞ்சுவது பூட்டும் கூலி. அங்கே பூட்டுவதில் பெரும்பகுதி கப்பலேறியும் விமானமேறியும் வெளிநாடு செல்கிறது. உபாத்தியாயர் கடன் வாங்கினால்தான் அத்தொழிற்சாலை நடக்கும் என்பது உண்மையன்று.

ஃபோர்டு துரை 'மாடல் டி' என்னும் மோட்டார் வண்டியை 1908 முதல் 1927 வரை அதிக மாறுதலின்றிச் செய்து விற்றார். அவரை வென்ற ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் கண்டுபிடித்த உபாயங்களில் முக்கியமானது, வருஷத்துக்கொரு புது மாதிரி காட்டி, சென்ற வருஷத்து வண்டியில் போகிறவரை வெட்கப்படும்படி செய்தது. நூறு வருஷத்து உபாயம் இன்று நம் சட்டைப்பைக்குள் வந்திருக்கிறது.

உண்மையில் ஒரு செல்போனைக் கிழவனாக்குபவை இரண்டே: ஒன்று பாட்டரி, மற்றொன்று கம்பெனியார் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிடுவது. பாட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக ஆப்பிள் கம்பெனியார் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டார்கள். உபயோகிப்பவர்களுக்கு அதை அறிவிக்கவில்லை என்பதற்காக பிரான்ஸு தேசத்து அதிகாரிகள் 2020இல் 2 கோடியே 50 லட்சம் யூரோ வசூலித்தார்கள். அதற்குள் தங்கள் கருவி முதுமையடைந்துவிட்டதென்று எண்ணிப் புதியது வாங்கியவர் எத்தனை பேரோ! அவர்களுக்கு வேண்டியிருந்தது புதிய செல்போனன்று, புதிய பாட்டரி. திருத்தங்கள் விஷயத்தில், கூகிள் கம்பெனியார் 2023இல் பிக்ஸல் 8க்கும், ஸாம்ஸங் கம்பெனியார் 2024இல் எஸ்24க்கும் ஏழு வருஷம் தருவதாக வாக்களித்திருக்கிறார்கள். ஏழு வருஷம் உழைக்குமென்று ஒரு வாயால் சொல்லிக்கொண்டே, மறுவருஷம் மாற்றுங்களென்று மற்றொரு வாயால் அழைப்பவர்களுடைய எந்த வாயை நம்புவது? விலை குறைந்த கருவிகளை வாங்கும் ஏழைகளுக்கோ இந்த வாக்குறுதியும் அநேகமாகக் கிடையாது. அவர்கள் பெட்டியில் மெகாபிக்ஸல் கொட்டை எழுத்தில் இருக்கிறது. திருத்தம் நிற்கும் தேதி இல்லை.

ஆகவே உபாத்தியாயருக்கு நம் அபிப்பிராயம் இதுதான். குமாரனுடைய கருவியில் பாட்டரி தளர்ந்திருந்தால் சில ஆயிரம் ரூபாயில் மாற்றிக் கொடுக்கலாம். திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா என்று அவனையே பார்க்கச் சொல்லலாம். வருமளவும் அக்கருவி இளமையாகவே இருக்கிறது. தை மாதத்துப் பணம் மகளுடையது. அதைத் தொட வேண்டாம்.

இனி சர்க்கார் செய்ய வேண்டியது. 2022இல் உலகம் கழித்த மின்கருவிக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் அறிக்கை கணக்கிட்டிருக்கிறது. அதில் முறைப்படி சேகரித்துப் பிரித்ததாகப் பதிவானது நாலிலொரு பங்குக்கும் குறைவு. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் செல்போனின் பாட்டரி 800 முறை மின்னேற்றிய பின்னும் 80 சதவீதம் பலத்துடன் இருக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும். பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பது சீட்டில் எழுதியிருக்க வேண்டும். நம் மத்திய சர்க்காரும் இதே நோக்கத்துடன் 2024இல் ஒரு கமிட்டியை நியமித்தார்கள். பழுதுபார்க்கும் சுலபத்தை மதிப்பெண்ணாக்கி விற்கும் இடத்திலேயே காட்ட வேண்டுமென்று அக்கமிட்டி 2025 மே மாதத்தில் அறிக்கை கொடுத்தது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை விதிக்கக்கூடிய அபராதம் 10 லட்சம் ரூபாய் வரைதான். இக்கம்பெனியாருக்கு அது வெற்றிலை பாக்குச் செலவு. அபராதத்தை விற்பனைத் தொகையின் விகிதமாக்க வேண்டும். கமிட்டியின் மதிப்பெண்ணைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். அதனுடன், பாதுகாப்புத் திருத்தம் எந்த மாதம் வரை வரும், புதிய பாட்டரிக்கு என்ன விலை என்ற இரண்டையும் ஒவ்வொரு பெட்டியின் மீதும், காமிராவின் மெகாபிக்ஸல் எழுதியிருக்கும் அதே அளவு எழுத்தில், தமிழிலும் ஏனைய தேச பாஷைகளிலும் அச்சிடும்படி உத்தரவிட வேண்டுமென்று சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.