ஆன்லைன் ஏலத்தில் வருவது பழங்காசா, பழங்கதையா?

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. அய்யனார் கோயிலுக்கு வேண்டுதலோடு வரும் வண்டிகள் ஒரு பக்கம், மரக்காணத்தை நெருங்க நெருங்க வெயிலில் மின்னும் உப்பளங்கள் இன்னொரு பக்கம். இந்த ஊர்ப் பெயரோடு ஒரு ஏலப் பதிவைக் கற்பனை செய்து பாருங்கள்: ‘உப்பளத்துல பாத்தி வெட்டும்போது கிடைச்ச ரோமன் காயின். தாத்தா காலத்துல இருந்து வீட்ல இருக்கு. அவசரத் தேவைக்கு விக்கிறோம். ஆரம்ப விலை 5,000.’

படித்தவுடன் கொஞ்சம் நம்பத்தான் தோன்றும். காரணம், அந்தக் கரையின் வரலாறு நிஜம். கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்லும் சோபட்மா துறைமுகமும், சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமும் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய வணிகத்தின் தடயங்கள் வெளிப்பட்டன. ஆக, இந்தக் கரையில் ரோமானியக் காசு கிடைப்பது நடக்காத காரியமல்ல. ஆனால் ஊரின் வரலாறு உண்மை என்பதால் செல்போன் திரையில் தெரியும் காசும் உண்மையாகிவிடாது. போலிக் காசு விற்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடை போடுகிறார்.

சேகரிப்பாளர்கள் பேச்சில் ‘டூப்ளிகேட்’ என்றால் தன்னிடம் இருக்கும் காசின் கூடுதல் பிரதி. ஒரே காசு இரண்டு இருந்தால் ஒன்றை விற்பார்கள். அதில் தப்பே இல்லை. வாங்க வருபவருக்கோ ‘டூப்ளிகேட்’ என்றால் போலி. ‘என்கிட்ட டூப்ளிகேட் நிறைய இருக்கு’ என்று ஒருவர் சொன்னால், எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எப்படிச் செய்கிறார்கள்?

மலிவான வழி, அச்சு எடுத்து வார்ப்பது. அசல் நாணயங்கள் பெரும்பாலும் முத்திரையால் அடிக்கப்பட்டவை. எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். வார்த்த காசில் எழுத்து மழுங்கியிருக்கும், மேற்பரப்பில் குண்டூசி முனை அளவுக் குழிகள் தெரியும், பக்கவாட்டில் இரண்டு அச்சும் சேர்ந்த கோடு ஓடும். இதில் மாட்டிக்கொள்வது எளிது. பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். அதே அளவில் வெள்ளி முலாம் பூசிய செம்பு-நிக்கல் காசு ஏறக்குறைய ஒன்றரை கிராம் குறையும். நகைக்கடைத் தராசு போதும்.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. வெள்ளி ரூபாய்க்கு அது சரி, ஒட்டினால் போலி. ஆனால் 1947-ம் ஆண்டின் புலி படம் போட்ட ஒரு ரூபாய் நிக்கல் காசு, அசலே காந்தத்தில் ஒட்டும். வீடியோவில் ‘பாருங்க ஒட்டுது, சக்தி இருக்கு’ என்று அதைக் காட்டி வியாபாரம் செய்பவர்களிடம் இருப்பது சக்தியல்ல, பள்ளி அறிவியல் பாடம்.

இரண்டாவது வகை இன்னும் வேடிக்கை. ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன் ஒரு பக்கம், ‘கிழக்கிந்தியக் கம்பெனி’, ‘யூகேஎல் ஒன் அணா’ என்ற எழுத்து மறுபக்கம். ஆண்டு 1616, 1717, 1818 என்று சொல்லி வைத்தாற்போல இருக்கும். இது போலிகூட இல்லை. போலி என்றால் அசல் ஒன்று இருக்க வேண்டுமே! கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே கிடையாது. ‘அரிசியை இழுக்கும்’ ரைஸ் புல்லிங் மோசடியிலும் தலைகாட்டுவது இந்தக் காசுகள்தான்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் 1939-ம் ஆண்டுக் காசு மிக அரிது. அதனால் 1938 காசில் கடைசி எண்ணை மட்டும் செதுக்கி 9 ஆக்குகிறார்கள். வெள்ளி அசல், எடை அசல், அடிப்பும் அசல். பொய் ஒரே ஒரு எண்ணில். தராசு, காந்தம் எல்லாம் தோற்றுப்போகும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் எண்ணைச் சுற்றி உலோகம் கலைந்திருப்பது தெரியும். சற்றே மங்கலாக எடுத்த போட்டோவில் அதுவும் தெரியாது.

ஏலம் எதை மாற்றியது?

கடையில் காசைக் கையில் வாங்கி, திருப்பி, பக்கவாட்டைத் தடவிப் பார்க்கலாம். ஆன்லைன் ஏலத்தில் வாங்குபவர் விலை சொல்வது ஒரு படத்துக்கும் அதனடியில் இருக்கும் கதைக்கும்தான். முறையான ஏல நிறுவனங்கள் கேட்டலாக் போடுகின்றன, எடை, உலோகம் குறிப்பிடுகின்றன, முன்கூட்டியே நேரில் பார்க்க அனுமதிக்கின்றன. வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழு ஏலங்களில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. ஏலம் விடுபவரே அட்மின், விலையை ஏற்றிவிடுபவர் அவருடைய இன்னொரு எண்ணாகவும் இருக்கலாம். பணம் யுபிஐ-யில் போகும், ரசீது வராது. ‘இரவு 9 மணிக்கு குளோஸ்’ என்ற அவசரம் வேறு. வாங்கியவர் குறை சொன்னால் குழுவிலிருந்து நீக்கினால் முடிந்தது.

இதில் சட்டம் எங்கே நிற்கிறது? தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972-ன்படி 100 ஆண்டு பழமையான நாணயம் தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணுக்கடியில் கிடைத்தது என்றால் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டமும் வரும்: 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படியானால் ‘உப்பளத்துல கிடைச்சது’ என்று ரோமன் காசு விற்பவரின் நிலை என்ன? கதை உண்மையென்றால் புதையலை மறைத்தவர். கதை பொய்யென்றால் மோசடிக்காரர். பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-ன் கீழ் 7 ஆண்டு வரை சிறை. இரண்டில் எதுவானாலும் அந்தக் காசை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கள்ள நாணயத்துக்கான கடும் பிரிவுகள் பணமாகப் புழங்கும் நாணயத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சோழர் காசை நகலெடுத்து நினைவுப் பொருளாக விற்பவரை அதற்குள் கொண்டுவருவது கடினம், கொண்டுவரவும் தேவையில்லை. பிரச்சினை, அந்த நகல் இரண்டு கை மாறியதும் ‘அசல்’ ஆகிவிடுவதுதான். அமெரிக்கா இதை 1973-லேயே தீர்க்கப் பார்த்தது: நாணய நகல் எதுவானாலும் அதன் மீதே ‘நகல்’ என்ற சொல் பொறிக்கப்பட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. ஈபே தளம் 2012-ல் நகல் நாணய விற்பனையையே தடை செய்தது. அங்கே மோசடி ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் முத்திரையில்லாத நகலை விற்பவர் ‘எனக்கும் தெரியாதுங்க’ என்று நழுவுவது கடினமாகிறது. இந்தியாவிலும் இந்த ஒரு விதி வர வேண்டும். செலவு வைக்காத விதி; அச்சில் ஒரு சொல் கூடுதல், அவ்வளவுதான்.

தளங்களின் பொறுப்பும் சின்னதல்ல. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். விற்பவரின் பெயர், முகவரியைக் காட்ட வேண்டும். ‘பழங்கால நாணயம்’ என்ற தலைப்பில் வரும் பதிவுகளுக்கு இதைக் கறாராக அமல்படுத்தினாலே பாதிப் பேர் கடையைக் கட்டுவார்கள்.

இந்த விளையாட்டில் வாங்குபவர் மட்டுமா ஏமாறுகிறார்? விற்க நினைப்பவரும்தான். 2021-ல் பெங்களூரில் ஒரு பெண், தன்னிடமிருந்த 1947-ம் ஆண்டுக் காசை 10 லட்சத்துக்கு ஆன்லைனில் விளம்பரம் செய்தார். 1 கோடி தருகிறேன் என்று ஒருவர் வந்தார். அதற்கு முன் வரி கட்ட வேண்டும் என்று சொல்லி அவரிடமிருந்து 1 லட்சம் கறந்துவிட்டுக் காணாமல் போனார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரிக்கை வெளியிட்டது: பழைய நோட்டு, நாணய விற்பனைக்கு வங்கி கமிஷனோ கட்டணமோ வாங்குவதில்லை, தன் பெயரில் வாங்க யாருக்கும் அதிகாரம் தரவும் இல்லை. வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சங்கள் என்று ஃபார்வர்டு சுற்றுவதும் இந்த வலையின் ஒரு நூல்தான்.

பழசு என்றாலே விலை அதிகம் என்ற எண்ணம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. ஆயிரம் வருடப் பழமையான அசல் ராஜராஜன் செப்புக்காசு சேகரிப்பாளர்களிடையே சில நூறு ரூபாய்க்கே கைமாறுகிறது. அவ்வளவு ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. அசல் ரோமானிய, சோழர் காசுகள் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போகலாம்.

அந்தக் கீழ்புத்துப்பட்டு பதிவு போல ஒன்று நிஜமாகவே திரையில் வந்தால், விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: தராசில் வைத்த காசு, பக்கவாட்டிலிருந்து எடுத்த விளிம்பு. விற்பது யார், உரிமம் உண்டா, ரசீது தருவாரா என்றும் கேளுங்கள். ‘அதெல்லாம் டைம் இல்லீங்க, இன்னொருத்தர் ரெடியா இருக்கார்’ என்று பதில் வந்தால், அந்த இன்னொருத்தரே எடுத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.