எட்டே கால் மணி வயிற்று வலி

காலை எட்டே கால் மணிக்கு நம் வீடுகளில் நடக்கும் அமர்க்களத்தை உங்களுக்கு வர்ணிக்க வேண்டியதே இல்லை. அடுப்பில் தோசை, கையில் பாதி பின்னிய ஜடை, வாசலில் பள்ளிக்கூட வானின் ஹாரன். அந்தச் சமயம் பார்த்துத்தான் குழந்தை வயிற்றைப் பிடித்துக் கொண்டு சுருண்டு படுத்து விடும். "அம்மா, வயிறு வலிக்கிறதும்மா!"

உடனே வீட்டில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டு விடும். பாட்டியின் கட்சி திருஷ்டிக் கட்சி. உப்பும் மிளகாயும் எடுத்துக் கொண்டு சுற்றிப் போட வந்து விடுவாள். அப்பாவின் கட்சி வேஷக் கட்சி. "வான் போகட்டும், வலியும் போய் விடும் பார்!" என்று செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொல்லி விடுவார். சொன்னபடியே பத்து மணிக்குக் குழந்தை எழுந்து இரண்டு தோசை சாப்பிட்டு விட்டு விளையாடப் போய் விடும். வேஷக் கட்சி அமோகமாக ஜெயித்து விட்டதென்றே எல்லோரும் நினைப்பார்கள். மறுநாள் வலிக்கிறது என்று சொன்னால் கிடைப்பது அடிதான்.

ஆனால் வைத்திய சாஸ்திரத்தின் தீர்ப்பு வேறு. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த வலி நிஜம்!

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜான் ஆப்ளே என்று ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். அவரும் நெய்ஷ் என்ற சக டாக்டரும் ஆயிரம் பள்ளிக்கூடக் குழந்தைகளை எடுத்துக் கொண்டு இந்த வயிற்று வலியை ஆராய்ந்து, 1958-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்குக் குறையாமல், மூன்று தடவைக்குக் குறையாமல், விளையாட்டையும் படிப்பையும் நிறுத்தி வைக்கும் அளவுக்கு வலி வந்த குழந்தைகளை மட்டுமே கணக்கில் சேர்த்தார்கள். அப்படியும் ஆயிரத்துக்கு 108 குழந்தைகள் தேறினார்கள். இந்த மாதிரிக் குழந்தைகளில் மிகச் சிலருக்குத்தான் குடலிலோ சிறுநீரகத்திலோ வியாதி என்று ஒன்று அகப்பட்டது. மற்றவர்களுக்கு வலி இருந்தது, வியாதி இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ தேசங்களில் எத்தனையோ டாக்டர்கள் பார்த்து விட்டார்கள். சங்கதி அதேதான்.

வியாதி இல்லாமல் வலி எப்படி வரும் என்று கேட்பீர்கள். நம் தமிழைக் கேளுங்கள், அதுவே பதில் சொல்லும். பயம் வந்தால் 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்கிறோம். பொறாமை வந்தால் வயிறு எரிகிறது. கெட்ட செய்தி வந்தால் வயிறு கலங்குகிறது. குடலைச் சுற்றிக் கோடிக் கணக்கான நரம்பணுக்கள் ஒரு வலை போல் பின்னிக் கிடக்கின்றன என்றும், மூளைக்கும் அந்த வலைக்கும் ஓயாமல் பேச்சு வார்த்தை நடக்கிறது என்றும் டாக்டர்கள் பிற்காலத்தில் கண்டு சொன்னதை, நம் பாட்டிமார்கள் பேச்சு வாக்கில் சொல்லிக் கொண்டுதான் இருந்தார்கள். பெரியவர்களுக்குக் கவலை வந்தால் 'கவலையாக இருக்கிறது' என்று சொல்லத் தெரியும். ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த வார்த்தை இன்னும் கைவரவில்லை. அதன் வயிறு அதற்காகப் பேசுகிறது.

அதனால் எல்லா வயிற்று வலியும் மனசுதான் என்று நீங்களே முடிவு கட்டி விடாதீர்கள். முதலில் டாக்டர் பார்த்துத்தான் ஆக வேண்டும். தூக்கத்திலிருந்து குழந்தையை எழுப்பி விடும் வலி, தொப்புளை விட்டுத் தள்ளி ஓரிடத்தில் நிலையாக நிற்கும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, பச்சையாக வாந்தி, மலத்தில் இரத்தம், எடை குறைவது, வயதுக்குத் தகுந்த வளர்த்தி இல்லாமல் போவது, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் - இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பள்ளிக்கூடத்தைப் பற்றியெல்லாம் பேசிக் கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடிவயிற்றின் வலப் பக்கம் வலித்து, தொட விடாமல் குழந்தை அழுதால் அன்றைக்கே போக வேண்டும்.

இந்த அடையாளங்கள் ஒன்றும் இல்லை. தொப்புளைச் சுற்றிக் கையை வைத்துக் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை வலி வருவதில்லை. மே மாதம் முழுவதும் வலி என்ற பேச்சே இல்லை. இப்போது டாக்டர் என்ன செய்ய வேண்டும்?

சாதாரணமாக என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சாயங்கால கிளினிக்கில் முப்பது பேர் காத்திருக்கிறார்கள். உங்கள் முறை வந்ததும் டாக்டர் வயிற்றை இரண்டு இடத்தில் அமுக்கிப் பார்க்கிறார். பூச்சி மருந்து எழுதுகிறார். அடுத்த தடவை இரத்தப் பரிசோதனை. அதற்கும் அடுத்த தடவை ஸ்கான். எல்லாவற்றிலும் 'ஒன்றுமில்லை' என்று வருகிறது. ஒன்றுமில்லை என்றால் வேஷம் என்று அப்பா அர்த்தம் பண்ணிக் கொள்கிறார். கண்டுபிடிக்க முடியாத பெரிய வியாதி என்று அம்மா அர்த்தம் பண்ணிக் கொள்கிறாள். குழந்தையோ தன்னை ஒருவரும் நம்பவில்லை என்று அர்த்தம் பண்ணிக் கொள்கிறது. மூன்று பேரும் மூன்று விதமாகக் கஷ்டப்பட்டுக் கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

நல்ல குழந்தை டாக்டர் வேறு விதமாக ஆரம்பிப்பார். "உனக்கு நிஜமாகவே வலிக்கிறது என்று எனக்குத் தெரியும்" என்று முதலில் குழந்தையிடம் சொல்வார். பாதி மருந்து அதிலேயே இருக்கிறது. அப்புறம் கேள்வி கேட்பார். பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? டிபன் டப்பாவை யாரோடு பங்கு போட்டுக் கொள்கிறாய்? எந்த மிஸ்ஸைப் பிடிக்கும், எந்த மிஸ்ஸைக் கண்டால் பயம்? வானில் வரும் பெரிய பையன்கள் எப்படி? வீட்டில் ராத்திரி யார் பக்கத்தில் படுக்கிறாய்? கொஞ்சம் வளர்ந்த பையனோ பெண்ணோ என்றால், நம்மைச் சற்று வெளியில் உட்காரச் சொல்லி விட்டுத் தனியாகப் பேசுவார். அதற்காக நாம் கோபித்துக் கொள்ளக் கூடாது. அம்மாவிடம் சொல்ல முடியாத ஒரு வார்த்தையை வெளி மனிதரிடம் சொல்வது சில சமயம் சுலபம்.

இன்னொரு கேள்வியும் அவர் கேட்பார். நமக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி அது: "பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போவாயா?" எத்தனையோ குழந்தைகள், முக்கியமாகப் பெண் குழந்தைகள், காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பும் வரையில் போவதே இல்லை. கழிப்பறை அசுத்தமாக இருக்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. கேட்டால் டீச்சர் வைவார். ஆகவே தண்ணீரே குடிக்காமல் இருந்து விடுவார்கள். தண்ணீர் பாட்டில் கொண்டு போனது போலவே திரும்பி வரும். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, வயிற்று வலி எல்லாம் வரிசையாக வந்து சேரும். இதற்கு மருந்து மட்டும் போதாது. பள்ளிக்கூடத்தில் ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். கேரளத்துப் பள்ளிகளில் 2019-ல் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்க ஏற்பாடு செய்தார்கள். தண்ணீருக்கு அடித்த மணி கழிப்பறைக்கும் சேர்த்து அடித்த மணியாக இருந்தால்தான் பிரயோஜனம்.

டாக்டருக்கு இவ்வளவு கேட்க நேரம் ஏது என்பீர்கள். வாஸ்தவந்தான். அங்கேதான் உங்கள் ஒத்தாசை வேண்டும். போவதற்கு முன்னால் இரண்டு வாரம் ஒரு பழைய நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, வலி வந்த மணி, எவ்வளவு நேரம் இருந்தது, முதல் நாள் என்ன சாப்பிட்டது, வெளிக்குப் போயிற்றா, எத்தனை மணிக்குத் தூங்கிற்று, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் - இவ்வளவு போதும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையில் குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொரு மணி வரையில் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டில் அது கிடைக்காது.

எழுதி வைத்தால் சமயத்தில் அதிசயமெல்லாம் தெரிய வரும். செவ்வாயும் வியாழனும் மட்டும் வலி வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் வகுப்பில் எழுந்து நின்று உரக்க வாசிக்கிற பாடம். குழந்தைக்கு எழுத்துக்கள் இடம் மாறித் தெரிகிறதோ, அல்லது கரும்பலகையே சரியாகத் தெரியவில்லையோ? மூக்குக் கண்ணாடியால் தீர்ந்து போகிற வயிற்று வலியும் உண்டு! வாசிப்பதில் பிறவியிலேயே இருக்கும் சிரமத்துக்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதற்கென்றே சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991 முதல் வேலை செய்து வருகிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இந்தக் கற்றல் குறைபாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். 'மக்கு' என்று பெயர் வாங்கிய பல குழந்தைகளுக்கு ஒரு டாக்டரின் சந்தேகம் விமோசனம் அளித்திருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காரணம் தெரிந்த பிறகு டாக்டர் கையில் ஒரு பெரிய ஆயுதம் இருக்கிறது. அது ஸ்டெதாஸ்கோப் அல்ல, ஒரு கடிதம். நாம் போய்ச் சொன்னால் பள்ளிக்கூடத்தில், "எல்லா அம்மாவும் இப்படித்தான் செல்லம் கொடுக்கிறீர்கள்" என்று சொல்லி அனுப்பி விடுவார்கள். டாக்டரின் பெயர் அச்சிட்ட காகிதத்தில் நாலு வரி வந்தால் தலைமை ஆசிரியை உட்கார வைத்துப் பேசுவார். "இந்தக் குழந்தை கேட்கும்போது பாத்ரூம் போக அனுமதியுங்கள். முன் வரிசையில் உட்கார வையுங்கள். வலி வந்தால் பத்து நிமிஷம் படுக்க விட்டு, மறுபடியும் வகுப்புக்கு அனுப்புங்கள்; வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்." இவ்வளவுதான் வேண்டும். வீட்டு அந்தரங்கம் எதுவும் அதில் எழுத வேண்டியதில்லை. அப்படி ஒரு கடிதத்தை நாமே கூச்சப்படாமல் கேட்டு வாங்கலாம். கூட்டமில்லாத நேரம் எது என்று விசாரித்துக் கொண்டு, "டாக்டர், பள்ளிக்கூட விஷயமாக ஐந்து நிமிஷம் வேண்டும்" என்று சொன்னால் மாட்டேன் என்பவர் குறைவு.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "ஒரு வாரம் ஓய்வு" என்று எழுதிக் கொடுக்கும் டாக்டர் இரக்கமுள்ளவர்தான். ஆனால் அந்த ஒரு வாரம் குழந்தைக்கு உபகாரம் செய்வதில்லை. விலகி நிற்க நிற்கப் பள்ளிக்கூடம் குழந்தையின் மனசில் ராட்சஸ உருவம் எடுக்கும். அரை நாளாவது போய் வருவதுதான் நல்லது. வீட்டிலும் ஒன்று கவனியுங்கள். வலிக்கிற நாளில் மடி, கதை, தொலைக்காட்சி. வலிக்காத நாளில் 'போய்ப் படி' என்ற ஒரே வார்த்தை. இப்படி இருந்தால் எந்தக் குழந்தைக்குத்தான் வலிக்காது? மடியையும் கதையையும் வலிக்காத நாளுக்கு மாற்றி விடுங்கள்.

சொல்வதற்குக் கஷ்டமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. சில வயிற்று வலிகளுக்குப் பின்னால் பிரம்பு இருக்கும். சிலவற்றுக்குப் பின்னால் தொடக் கூடாத கை இருக்கும். அது பள்ளிக்கூடத்துக் கையாகவும் இருக்கலாம், உறவுக்காரர் கையாகவும் இருக்கலாம். அடிப்பதையும் மனசை நோகடிப்பதையும் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. தொடுகிற குற்றத்தை அறிந்தவர் யாராக இருந்தாலும், டாக்டர் உள்பட, தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் சொல்கிறது. ஆகவே டாக்டர் அதைப் பற்றிக் கேட்டால் குடும்பத்தின் மானம் போய் விட்டதாக நினைக்காதீர்கள். குழந்தையைக் காப்பாற்றத்தான் கேட்கிறார். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி 1098. மனக் கஷ்டத்துக்கு 2022 முதல் டெலிமானஸ் என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது, எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

தனி டாக்டருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய திட்டம் என்று 2013-ல் ஆரம்பித்த ஏற்பாட்டின்படி, டாக்டர்கள் அடங்கிய குழு அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையும், அங்கன்வாடிகளுக்கு இரண்டு தடவையும் வந்து, பதினெட்டு வயது வரையில் பரிசோதிக்க வேண்டும். வருகிற நாள் எது என்று பள்ளிக்கூடத்தில் முன்கூட்டிக் கேட்டுக் கொள்ளுங்கள். உங்கள் பழைய நோட்டைக் குழந்தையின் பையில் வைத்து அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே போய் நில்லுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஆப்ளே இன்னொன்றும் கண்டார். வயிற்று வலிக்காரக் குழந்தைகளின் வீடுகளில் பெரியவர்களுக்கும் தலைவலி, வயிற்று வலி என்று ஏதாவது இருந்து கொண்டே இருந்ததாம். வீட்டுக் கவலையைக் குழந்தை காதால் கேட்பதற்கு முன்னால் வயிற்றால் கேட்டு விடுகிறது போலிருக்கிறது! ஆகவே டாக்டர் குழந்தையைப் பார்த்து முடித்ததும் உங்கள் பக்கம் திரும்பி, "நீங்கள் எப்படி அம்மா இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அவசரமாக எழுந்து விடாதீர்கள். உட்கார்ந்து உள்ளதைச் சொல்லுங்கள்.