திரையும் ஓர் அவையே

வேலை தேடுவோர் நகரத்தை நாடிச் சென்ற நிலை மாறி, நேர்காணல் அவர்தம் ஊரை நாடி வரும் காலம் இது. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று அலுவலகங்களின் கதவுகளை அடைத்தபோது, நிறுவனங்கள் பலவும் சூம், கூகுள் மீட் போன்ற செயலிகளின் வழியே ஆள் தெரிவு செய்யத் தொடங்கின. தொற்று தணிந்த பின்னரும் அவ்வழக்கம் நிலைத்துவிட்டது.

கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கல்வராயன் மலையில் வாழும் இளைஞர் முதலில் மலையிறங்கிச் சமவெளியை அடைய வேண்டும். பின்னரே சென்னைப் பயணம். பேருந்துக் கட்டணம், தங்குமிடச் செலவு, இழக்கும் நாட்கூலி ஆகிய மூன்றையும் இணையவழி நேர்காணல் மிச்சப்படுத்துகிறது. எனினும், அது தொலைவை அழித்துவிடவில்லை; தொலைவின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. இன்றைய தொலைவு அலைவரிசையிலும் அமைதியான ஓர் அறையிலும் பேச்சுப் பயிற்சியிலும் இருக்கிறது. இதனைக் கடப்பதில் மாணவருக்கு ஒரு பங்கும் சமுதாயத்திற்கு ஒரு பங்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அறிதலும் அஞ்சாமையும்

திருக்குறளில் ‘அவை அறிதல்’ என்னும் அதிகாரம் முன்னும், ‘அவை அஞ்சாமை’ என்னும் அதிகாரம் பின்னும் அமைந்துள்ளன. இவ்வரிசை சிந்திக்கத்தக்கது. அவையை அறிந்தவருக்கே அச்சம் நீங்கும். திரையும் ஓர் அவையே. அதற்கும் தனி இயல்புகள் உண்டு.

திரையில் தெரியும் முகத்தை நோக்கிப் பேசினால், எதிரில் இருப்பவருக்கு நாம் கீழே பார்ப்பதாகத் தோன்றும். எனவே, பேசும்போது கேமராவை நோக்க வேண்டும். அது கண்மட்டத்தில் இருக்கட்டும். வெளிச்சம் முகத்தின் முன்னிருந்து வர வேண்டும். சன்னல் முதுகுப்புறம் இருந்தால் முகம் இருண்டுவிடும். ஒலி சிறிது தாமதித்துச் சென்றடைவதால், வினா முடிந்த பின் ஒரு கணம் பொறுத்து விடையளிப்பது நன்று. திறன்பேசியை முழுமையாக மின்னேற்றி, பிற செயலிகளை மூடி, முதல் நாளே இணைப்பைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். இணைப்பு அறுந்தால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணை முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பது அறிவுடைமை.

இவை யாவும் ஓரிரு நாளில் கைவரும். சொல்லுவதற்குரிய செய்தியோ வாழ்விலிருந்தே வர வேண்டும். கிராமத்து மாணவர் பலர் தம்மிடம் சொல்ல ஒன்றுமில்லை என எண்ணுகின்றனர். மரவள்ளிக் கிழங்கைச் சவ்வரிசி ஆலைக்கு அனுப்பும் குடும்பத்துப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். எடையும் மாவுச்சத்தின் அளவும் பார்த்தே கிழங்கின் விலை அமைகிறது. அவற்றைச் சரிபார்த்து, வண்டி வாடகையைக் கழித்து, கணக்கெழுதிய மாணவர் அளவையும் பேரத்தையும் பொறுப்பையும் கற்றவர் அல்லரோ? அதனை நான்கு தெளிவான தொடர்களில் சொல்லப் பழகுவதே சிறந்த ஆயத்தம். ஆங்கிலத்தில் பேச நேர்ந்தாலும் சிறு தொடர்கள் போதும். வினா விளங்காதபோது மீண்டும் கேட்பது இழுக்கன்று. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் விடையை மறைத்து வைத்துப் படிப்பதே இழுக்கு.

உரிமையும் விழிப்பும்

விண்ணப்பதாரரின் காணொளியை மென்பொருளே மதிப்பிடும் முறையும் உலகில் வந்துவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2020 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், அத்தகைய மதிப்பீட்டை முன்னரே அறிவித்து, விண்ணப்பதாரரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. நேர்காணலுக்கு வருபவர் இரந்து நிற்பவரல்லர், உரிமையுடையவர்.

விழிப்பும் தேவை. நேர்காணலுக்கோ பணி ஆணைக்கோ பணம் கேட்பது மோசடியின் அடையாளம். ஏமாற்றப்பட்டவர் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

சமுதாயத்தின் பங்கு

திறமையுள்ளவர் எத்தடையையும் தாண்டுவர் என்று சிலர் கூறுவர். பொதுத்தேர்வை நினைவுகூர்ந்தால் இக்கூற்றின் குறை விளங்கும். அங்கே எல்லா மாணவருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே கால அளவு. எழுத ஓர் இருக்கையும் அமைதியும் அரசின் பொறுப்பு. இணையவழி நேர்காணலிலோ ஒருவருக்குத் தனியறையும் கண்ணாடியிழை இணைப்பும் வாய்க்க, மற்றொருவர் அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடி நடக்கிறார். அறுந்த இணைப்பை அறியாமை என்று கணிப்பது நீதியாகாது.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால், ஆட்சியர் அலுவலகம் மக்களுக்கு அருகில் வந்தது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டத்திற்கு இணையமும் அவ்வாறே அருகில் வர வேண்டும். இணைப்பில்லாச் சிற்றூர்களுக்கு நான்காம் தலைமுறை அலைபேசிச் சேவை வழங்கும் திட்டத்திற்கு ஒன்றிய அரசு 2022இல் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கித் திறன் பயிற்சிக்கு வழிவகுத்தது. கோபுரமும் பயிற்சியும் வந்த பின்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது: கதவடைத்துப் பேச ஓர் அறை.

பள்ளியின் கணினி ஆய்வகம், நூலகம், ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை நேர்காணல் நாளில் ஒரு மணி நேரம் திறந்துவைக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அனுமதியும் அக்கறையும் போதும். நிறுவனங்களும் இணைப்பு அறுந்தவருக்குத் தொலைபேசியில் தொடர வாய்ப்பளிக்க வேண்டும். மலையிலிருந்து பேசும் மாணவரின் முகம் தெளிவாகத் தெரிந்து, குரல் தடையின்றிக் கேட்கட்டும். அதன் பின்னர் அவருடைய தகுதியை மதிப்பிடுவதே முறை.