பொன்னாடை நிகழ்ச்சிக்கு இடமில்லை

கோவையில் நடக்கும் ஸ்டார்ட்அப் கூட்டங்களைப் பற்றி வாரம் ஒரு மின்மடல் அனுப்புகிறேன். ஐந்து நிகழ்ச்சிகளுக்கு மேல் அதில் சேர்ப்பதில்லை. "எல்லாத்தையும் போட்டுடுங்க, வேணுங்கிறவங்க வேணுங்கிறதை எடுத்துக்கட்டும்" என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வாசகர்களில் பலர் கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். முதலாளி அரை நாள் பட்டறையை விட்டு வந்தால் அரை நாள் வேலை படுத்துவிடும். வந்த அழைப்பிதழ்களை எல்லாம் அப்படியே அடுக்கி அனுப்பினால், என் வேலையை அவர்கள் தலையில் கட்டுகிறேன் என்றுதான் அர்த்தம்.

அழைப்பிதழ் வந்ததும் பேச்சாளர் பெயர்களைத் தாண்டி நேரே நிகழ்ச்சி நிரலுக்குப் போவேன். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் போகக் கேள்வி கேட்க எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது? பல நிரல்களில் ஒன்றுமே மிஞ்சாது. அவிநாசி சாலை நட்சத்திர ஹோட்டல், வேலை நாள், காலை 10 மணி என்றிருந்தால் யாருக்காக நடத்துகிறார்கள் என்பதைக் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் தொடங்கி, தமிழில் நடந்து, உக்கடம் போய்ப் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்கிற நேரத்துக்குள் முடியும் கூட்டம் என்றால், பேசுகிறவர் ஊருக்கே தெரியாத ஆடிட்டராக இருந்தாலும் எனக்குச் சரி.

அப்படிப்பட்ட ஆடிட்டர்கள் சொல்லும் விஷயம் சாதாரணமானதல்ல. பதிவுபெற்ற குறுந்தொழில், சிறுதொழில்காரரிடம் சரக்கு வாங்கிய நிறுவனம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு மத்திய அரசு டெண்டர்களில் இ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகை கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு 'கனவு காணுங்கள்' என்ற உரையைவிட இவை இரண்டும் உதவும்.

கல்லூரிகளின் பிட்ச் போட்டி விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம் அதிகம். கூச்சம் போகிறது, நாலு பேர் அறிமுகமாகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இறுதியாண்டு மாணவி ஒருத்தி தான் செய்த பம்ப் கன்ட்ரோலரை மேடையில் அக்குவேறு ஆணிவேறாக விளக்குகிறாள் என்று வையுங்கள். காப்புரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. பிறகு விண்ணப்பித்தால், விஷயம் முன்பே வெளியாகிவிட்டது, புதுமை இல்லை என்று தள்ளிவிட இடமுண்டு. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளில் காட்டியதற்கு 12 மாத அவகாசம் தருகிறது. கல்லூரி அரங்கம் அந்தக் கணக்கில் வராது. இத்தனைக்கும் தனிநபரோ ஸ்டார்ட்அப்போ இணையவழியில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பெரிய நிறுவனத்துக்கு 8,000. தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால் முழு விவரத்தைத் தர ஓராண்டு கிடைக்கும். அதனால் போட்டி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மேடை ஏறுவதற்கு முன் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுகிறீர்களா? மழுப்பலான பதில் வந்தால் அந்தப் போட்டி மடலில் வராது. இதனால் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு, இருக்கட்டும்.

பெரிய மாநாடுகளுக்கு ஒரு வரி போதும். 2025 அக்டோபரில் கொடிசியா வளாகத்தில் உலகப் புத்தொழில் மாநாடு நடந்தது. அதைச் சொல்ல நாளிதழ்கள் இருந்தன, ஊர் முழுக்கப் பேனர் இருந்தது. மடலில் இடம் தேவைப்படுவது பேனர் கட்டக் காசில்லாத கூட்டத்துக்கு.

காசு கொடுத்து இடம் கேட்பவர்களும் உண்டு. வாங்கிக்கொள்கிறேன், மடல் அனுப்பவும் செலவு இருக்கிறதே. ஆனால் அது 'விளம்பரம்' என்ற தலைப்பின் கீழ், அந்த ஐந்துக்கு வெளியேதான் வரும்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், எந்த மொழியில் நடக்கும், கேள்விக்கு எவ்வளவு நேரம் என்பதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். சிறப்பு விருந்தினரின் புகைப்படம் வேண்டாம். என் மடலில் படம் போடுவதே இல்லை.