வார்டில் கேட்க வேண்டிய கேள்வி

நோயாளியின் கட்டிலைச் சுற்றி மாணவர்கள் நிற்கிறார்கள. ஒரு மாணவி தவறான பதில் சொல்கிறார். "எந்தக் கோட்டாம்மா நீ?" என்கிறார் பேராசிரியர். சிலர் சிரிக்கிறார்கள். அதன்பின் அவர் வாய் திறப்பதில்லை, பின்வரிசைக்குப் போய்விடுகிறார். பிறகு அவரையே 'ஆர்வமில்லாதவர்' என்பார்கள். 'தகுதியின்மை' இப்படித்தான் தயாராகிறது.

இது ஒரு வார்டின் கதை மட்டுமல்ல. தில்லி எய்ம்ஸில் விசாரித்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்களிடம் போதிய ஆதரவு இல்லை என்றும், தேர்வாளர்கள் சாதியைத் துருவினார்கள் என்றும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் அதில் சொல்லியிருந்தார்கள்.

மருத்துவத்தில் பாதி புத்தகம், பாதி கைப்பழக்கம். மூத்தவர் பக்கத்தில் நின்று செய்யவிட்டால்தான் ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் கை பழகும். அந்த வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பது சமூகநீதிக் கேள்வி.

நன்றாகக் கற்பிக்க வழி இருக்கிறது. அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் 1992இல் ஐந்து படிகளை வகுத்தார்கள். என்ன நோய் என்று நினைக்கிறாய் என்று கேள். ஏன் என்று கேள். ஒரு பொதுவிதியைக் கற்றுக்கொடு. சரியாகச் செய்ததைச் சொல். தவறைத் திருத்து. சில நிமிடங்கள் போதும். எந்தப் படியிலும் சாதிக்கோ நீட் மதிப்பெண்ணுக்கோ வேலையில்லை.

பயிற்சி மருத்துவத் தோழர்களே, நாளை உங்கள் பின்னாலும் ஜூனியர்கள் நிற்பார்கள். பின்வரிசையில் நிற்பவரை முன்னால் அழையுங்கள். ஸ்டெதஸ்கோப்பை முதலில் அவரிடம் கொடுங்கள். தவறினால் திருத்துங்கள், மறுநாளும் அவரையே அழையுங்கள்.