நம்ம விதைக்கு நம்ம வேலியிலேயே மருந்து!



சம்பா தாளில் விதைத்துச் சித்திரையில் அடிச்ச உளுந்தை அடுத்த தை வரைக்கும் நம்மால் வைத்திருக்க முடிகிறதா? சில மாதத்திலேயே மூட்டையைத் தொட்டால் மாவு கொட்டுது. பயறுக்குப் பயறு ஓட்டை. வண்டுக்குப் பயந்து, வியாபாரி கேட்ட விலைக்குக் களத்திலேயே தள்ளிவிடுகிறோம். விதைப்பு வந்ததும் கூடுதல் காசு கொடுத்து விதை வாங்குகிறோம்.

இதற்குக் கடையில் நீட்டுவது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் விஷவாயு கிளம்பும். மூட்டை இருக்கிற வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைகளின் உயிரையும் அது எடுக்கும். நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்தணும் என்று விதி இருக்கு. கடையில் விற்பதைக் கேட்க ஆளில்லை.

நம்ம மருந்து என்ன? நன்றாகக் காய்ந்த விதைப் பயறு கிலோவுக்கு 10 மில்லி வேப்பெண்ணெய் கலந்தால், மேலே ஒட்டிய முட்டை மூச்சடைத்துச் சாகும். அல்லது 100 கிலோவுக்கு 1 கிலோ வசம்புப் பொடி. வசம்பு, நொச்சி, தைலமரம் இவற்றின் எண்ணெய் ஆவிக்கும் வண்டு தாங்காது. ஆனால் ஆவி சீக்கிரம் பறந்துவிடும். இறுக மூடிய டின்னில்தான் பலிக்கும். பயறுக்குள் புகுந்த புழுவையும் லேசில் எட்டாது. அதனால் அடிச்சுக் காயவைத்த கையோடு செய்யணும். வசம்பு எண்ணெயில் உள்ள அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியது. ஆகவே வசம்பு விதைக்கு மட்டும். சாப்பாட்டுப் பயறைப் பருப்பாக உடைத்து வையுங்கள், இந்த வண்டு அதிகம் அண்டாது.

வேப்பெண்ணெய் பூசணக்கொல்லிக்கு 1994ல் ஐரோப்பாவில் அமெரிக்க அரசும் ஒரு கம்பெனியும் காப்புரிமை வாங்கினார்கள். எதிர்த்து வழக்காடியதால் 2000ல் ரத்தானது. 2005ல் மேல்முறையீடும் தள்ளுபடி. உரிமை மீண்டது, பலன் ஊருக்கு வரவில்லை. 1968 பூச்சிமருந்துச் சட்டப்படி நம்ம நிலத்துக்கு நாமே செய்துகொள்ளலாம். விற்கணும் என்றால் பதிவு வேண்டும். அந்தச் சோதனைச் செலவைக் கம்பெனி தாங்கும், மகளிர் குழு தாங்குமா?

நாம் கேட்பது:

1. வேளாண் பல்கலைக்கழகமே சோதனை செய்து, உழவர் குழுக்களின் பெயரில் பதிவு வாங்கித் தரவேண்டும்.

2. ஊருக்கு ஒரு உலர்களமும் விதைக் கிடங்கும் வேண்டும்.

3. விஷ மாத்திரையின் கடை விற்பனையைத் தடுக்கவேண்டும்.

குறைதீர் கூட்டத்துக்கு ஆளுக்கொரு மனுவோடு வாருங்கள். விதை நம்ம கையில் இருந்தால்தான் விலையும் நம்ம வாயில் இருக்கும்!