கண்டெடுத்தவருக்கே சொந்தமா? பழைய பாட்டுத் தொகுப்புகளில் காணாமல்போகும் பெயர்கள்

இளையராஜா எப்போது தொலைந்துபோனார்? புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் யாரையாவது நிறுத்தி இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். டீக்கடை, டவுன் பஸ், கல்யாண மண்டபம், ரீல்ஸ் என மனுஷன் இல்லாத இடமே இல்லை. ஆனால் பிரிட்டனைச் சேர்ந்த ‘ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்’ என்ற இசை நிறுவனம், அவருடைய 1977-1983 காலத்துப் பாடல்களை ‘சொல்லச் சொல்ல’ என்ற பெயரில் தொகுத்து வெளியிட்டபோது, மேற்கத்திய ரசிகர்கள் பலருக்கு அது புதுக் கண்டுபிடிப்பு. அந்த நிறுவனத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கண்டெடுத்தவருக்கே சொந்தம்’. விளையாட்டாக வைத்த பெயர்தான். இருந்தாலும் கொஞ்சம் உறுத்துகிறது.

எத்தியோப்பியா, நைஜீரியா, துருக்கி என உலகம் முழுக்க மறந்துபோன பாட்டுகளைத் தேடித் தொகுப்பது இன்று தனி பிசினஸ். அதில் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பாலிவுட்டில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை சின்தசைசரிலும் டிரம் மெஷினிலும் வாசித்து ஒரு ஆல்பம் போட்டார். பெரிதாக விற்கவில்லை. நெதர்லாந்துக்காரர் ஒருவர் டெல்லியில் அந்த இசைத்தட்டைக் கண்டெடுத்து, 2010-ல் மறுபடி வெளியிட்டார். சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ பிறப்பதற்கு முன்பே பம்பாயில் இப்படியொரு இசையா என்று உலகம் அசந்துபோனது. 70 வயதைத் தாண்டிய சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015-ல் இறப்பதற்குள் அந்தக் கைதட்டலை அவரே கேட்டுவிட்டார்.

மறுபக்கமும் உண்டு. புதுச்சேரிக்காரர்கள் ஒருகாலத்தில் கப்பலேறி வேலைக்குப் போன அதே பிரெஞ்சு இந்தோசீனாவின் ஒரு பகுதி கம்போடியா. அங்கே 60, 70-களில் பதிவான ராக் பாடல்களை, ஒரு பயணி வாங்கிவந்த கேசட்டுகளிலிருந்து எடுத்து 1996-ல் அமெரிக்காவில் ‘கம்போடியன் ராக்ஸ்’ என்று வெளியிட்டார்கள். 22 பாட்டு. பாடியவர் பெயர் இல்லை, பாட்டின் தலைப்புகூட இல்லை. சின் சிசமுத், ரோஸ் செரெய் சோதியா போன்ற அந்தப் பாடகர்கள் கெமர் ரூஜ் ஆட்சியில் உயிரோடு தப்பவில்லை. குரல் மட்டும் கடல் தாண்டிப் போனது. யார் குரல் என்பதை ரசிகர்கள்தான் பிற்பாடு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

பெயர் என்பது வெறும் மரியாதை விஷயமில்லை, பணமும்தான். இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 ஆண்டுகள். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை இழந்துவிடாமல் இருக்க, 2012-ல் சட்டமே திருத்தப்பட்டது. எல்லாம் சரி, கேசட் அட்டையில் பெயரே இல்லாத கிடார்காரருக்கு எந்த அக்கவுன்ட்டில் பணம் போடுவது?

அதனால் ராஜாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவர் உரிமையை அவரே கோர்ட் வரை போய்க் கேட்பார். கவலைப்பட வேண்டியது 80, 90-களில் லோக்கலாகப் பதிவாகி லோக்கலாகவே விற்ற கேசட்டுகளைப் பற்றி: கோயில் திருவிழாப் பாட்டு, மாதா கோயில் பாட்டு, நையாண்டி மேளம், மெல்லிசைக் குழு. அவற்றைத் தொகுக்க மான்செஸ்டரிலிருந்தோ ஆம்ஸ்டர்டாமிலிருந்தோ ஆள் வர வேண்டுமா?

புதுச்சேரிக்கு இது புது வேலை இல்லை. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சேகரித்த சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பதிவேட்டில் ஏறின. பழைய போட்டோ ஸ்டூடியோ படங்களைக்கூட அங்குள்ள ஆய்வாளர்கள் தேடிப்போய் டிஜிட்டல் ஆக்கினார்கள். சுவடிக்கும் போட்டோவுக்கும் கிடைத்த அந்த இடம் கேசட்டுக்கும் கிடைக்கலாம். ஜூன் 21-ல் இசை விழா கொண்டாடும் ஊர் வேறு!

டேப்பை டிஜிட்டல் ஆக்குவதுகூட அடுத்த வேலைதான். கடலோர ஈரப்பதத்தில் டேப்பில் பூஞ்சை பிடிப்பது சகஜம், அதனால் அதையும் ரொம்பத் தள்ளிப்போட முடியாது. ஆனால் முதலில் அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். பிறகு, அந்தக் குழுவில் வாசித்தவர்கள் இன்னும் இருக்கும்போதே, கீபோர்டு யார், தபேலா யார், எந்த ஸ்டூடியோ என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். இதற்கு லேபிளும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும்.